லின் எழுதின அறுபத்திரண்டு பக்கம்

மேலப்பாளையம்,
வியாழக்கிழமை, மத்தியானம் லுஹர் தொழுதுட்டு

அன்பு மவள் முஃபீதாவுக்கு உன் உம்மா சலாம் சொல்லி எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவல்ல இங்கன எல்லாரும் உடம்புக்கு சுகமா இருக்கோம், நீயும் அந்தக் குளிர் நாட்டுல சளி காய்ச்சல் அண்டாம இருக்கணும்னு அஞ்சு நேரமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். உடம்புக்குன்னு எழுதிருக்கேன் பாத்துக்கோ, மனசப் பத்தி கீழ வரும். தாளோட தலையில பிஸ்மிக்கு அடையாளமா 786 போடாம நான் மளிகைச் சிட்டை கூட எழுத மாட்டேன்னு உனக்குத் தெரியும். இதுல போடல. மறந்து போவல மவளே. பேனா அங்கன போச்சு, விட்டுட்டேன். ஏன்னு சொல்லத்தான் இம்புட்டு நீளமா எழுதப் போறேன், உக்காந்து படி, பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் படிக்காதே.

முதல்ல வீட்டுச் சேதி. ஐப்பசி மழை அடிச்சி ஊத்துது, ஆத்துல தண்ணி குறுக்குத்துறைக் கோயில முக்கிட்டுன்னு வாப்பா சொன்னாங்க, நம்ம பாளையங்கால்வாயில ஆகாயத்தாமரை அடைச்சிக்கிட்டு தெருமுனை வரைக்கும் தண்ணி ஏறி நிக்குது. வாப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடத்தான் இருக்கு, டவுண்ல கடையில உக்காந்து பக்கத்துக் கடை அண்ணாச்சி நீட்டுற அல்வாவ வேண்டாம்னு சொல்ல வாய் வரல, வீட்டுல வந்து மட்டும் சீனி இல்லாத சாயாவக் குடிச்சிட்டு பெரிய தியாகி மாதிரி மூஞ்சிய வச்சிக்கிடுதாங்க. உன் தங்கச்சி ஷரீபாவுக்கு எட்டாம் மாசம் பொறந்துட்டு. கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு, பச்சரிசிய அள்ளி அள்ளித் திங்கா, திட்டுனா சிரிக்கா. பிரஷர் ஏறி ஏறி இறங்குது, மனசு அதிருற மாதிரி எந்தச் சேதியும் அவ காதுல போடாதீங்கன்னு டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிருக்காங்க. அவ மாப்பிள்ளை முஹ்சின் தினமும் சாயங்காலம் மாதுளம்பழமும் கையுமா வந்துருதான். மாப்பிள்ளையாயிட்டா அவரு இவருன்னு சொல்லணும், அவன் உங்க மாமி இடுப்புல மூக்கொழுக உக்காந்திருந்தத பாத்த எனக்கு வாய் வரமாட்டேங்குது. நல்லவன்தான். கட்டில்ல உக்காந்து அவ காலப் புடிச்சி விடுதான், கூச்சமே கிடையாது. அவன் கெட்டவனா இருந்தா எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்ல.

ஃபோன் இருக்க எதுக்கு உம்மா தபால்ல எழுதுதான்னு நெனப்பே. எந்த ஃபோன்ல பேசச் சொல்லுதே? ஞாயித்துக்கிழமை வீடியோவுல நீ வந்தா வீடே அதுக்கு முன்னால உக்காந்திருக்கு. என் வாட்ஸப்ப முஹ்சின் எனக்குக் குடுத்த கம்பெனி லேப்டாப்புல இணைச்சி வச்சிருக்கான், பைல் வாங்கதுக்குன்னு. அந்த லேப்டாப்பு பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா தானாத் திரையப் படம் புடிச்சி அவன் ஆபீசுக்கு அனுப்பும், வேலை நடக்குதான்னு பாக்கதுக்கு. மாமியாருன்னாலும் அதுல சலுகை கிடையாது. அதான் ரசீது புக்குக்குன்னு வாப்பா வாங்கி வச்ச தாள்ல, அடுப்படி மேடையில வச்சி எழுதுதேன். யாராவது வந்தா மேல தட்டப் போட்டு மூடிருவேன்.

நான் முஹ்சின் கம்பெனிக்கு என்ன வேலை பாக்கேன்னு நீ ஒருநாளும் துருவிக் கேட்டதில்ல. உம்மா வெளிநாட்டுப் புள்ளைகளுக்கு இங்கிலீஷ் திருத்திக் குடுக்கான்னு நான் சொன்னத நம்பிட்டே. ஆரம்பத்துல அது நெசந்தான். கொரோனா வந்து பள்ளிக்கூடத்துல எங்கள்ல பாதிப் பேர வீட்டுக்கு அனுப்புனானுகல்லா, அப்ப முஹ்சின் வந்து, மாமி உங்க எம்.ஏ. படிப்பு சும்மாதானே கிடக்கு, பாவம் புள்ளைக இங்கிலீஷ் தெரியாம அங்கங்க போய் மாட்டிக்கிட்டு முழிக்குதுவ, நாலு கமா ஃபுல்ஸ்டாப் போட்டுக் குடுங்கன்னான். போட்டுக் குடுத்தேன். பைய ஒரு வரிய மாத்துங்கன்னான், பிறகு ஒரு பாரா, பிறகு முடிவுரை மட்டும் நீங்களே எழுதிருங்கன்னான். ஒரு நாள் தலைப்பு மட்டும் வந்துச்சி, கூட ஒண்ணும் வரல. அன்னைக்கு நான் எந்திரிச்சிருக்கணும். எந்திரிக்கல. காசுக்காக எழுதினேன்னு சொன்னா பொய். உன்கிட்ட மறைக்கதுக்கு என்ன இருக்கு, எனக்கு அது ருசியா இருந்துச்சி. கல்யாணத்துக்குப் பிறகு தபால்ல படிச்சி, உன்ன மடியில போட்டுக்கிட்டு பரீட்சை எழுதினவ நான், மதுரையத் தாண்டி எந்த ஊரும் பாத்ததில்ல. நான் எழுதினது கனடாவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் முதல் கிளாஸ் வாங்குதுன்னு முஹ்சின் சொல்லும்போது தோசைக்கல்லு முன்னால நின்னுக்கிட்டு எனக்கு நானே சிரிச்சிக்கிடுவேன். நர்ஸ் படிப்பு நாலு தடவ பாஸ் பண்ணிட்டேன், ஏட்டி, ஒரு ஊசி போடத் தெரியாது.

போன வருஷம் நீ அந்த யுனிவர்சிட்டியில எழுத்துக்கு வழிகாட்டுற வேலையில சேந்துட்டேன்னு சொன்னியே, அன்னைக்கே இத நிறுத்திரணும்னு நெனச்சேன். முஹ்சின்கிட்ட இனி வேண்டாம்யா, கண்ணு வலிக்குன்னு சொன்னேன். அவன் கோவப்படல. சிரிச்சிக்கிட்டு, மாமி, ஆளுங்க உங்க எழுத்துக்குத்தான் வாராங்க, அக்ரிமெண்டும் உங்க பேர்லதான் இருக்கு, உங்க எம்.ஏ. ஒரிஜினல் நம்ம ஆபீஸ் பீரோவுலதான் பத்திரமா இருக்கு, இடையில விட்டா ரெண்டு பேருக்குமே சங்கடம்னான். ரெண்டு பேருன்னு அவன் சொன்னது என்னையும் அவனையுமா, என்னையும் ஷரீபாவையுமான்னு நான் கேக்கல. ஷரீபா அடுத்த ரூம்புல அவனுக்குச் சட்டை தேச்சிக்கிட்டிருந்தா.

இப்ப விஷயத்துக்கு வாரேன். ஆகஸ்ட் கடைசியில ஒரு பைல் வந்துச்சி. வியட்நாம்காரப் புள்ள, இறால் குட்டையில வேலை பாக்குற பொம்பளைகளப் பத்தி அறுபத்திரண்டு பக்கம். எனக்குத் திரையில வாசிச்சா கண்ணுல தண்ணி வடியுதுன்னு ரசீத் ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்து வாசிக்கதுதான் வழக்கம். எடுத்துப் பாத்தா பக்கத்துக்குப் பக்கம் ஓரத்துல யாரோ குறிப்பு எழுதிருக்காங்க. பேரு இல்ல, எழுத்து ஆலோசகர்னு மட்டும் இருந்துச்சி. நூத்திச் சொச்சம் குறிப்பு. ஒண்ணுலகூட அவளுக்குப் பதிலா ஒரு வரி எழுதிக் குடுக்கல. எல்லாம் கேள்வி. இங்க நீ எங்க நிக்கே, குட்டைக் கரையிலயா, வீட்டுக்குள்ளயா? இதை யாரு சொன்னா, அவங்க சொன்ன வார்த்தையையே போட முடியுமா? ஒரு இடத்துல அந்தப் புள்ள எங்க அம்மா கையில எப்பவும் வாடை, சாப்பாட்டுலயும் வாடை, நாங்க அத அம்மா ருசின்னு சொல்லுவோம்னு கோணல் மாணலா இங்கிலீஷ்ல எழுதிருந்தா. ஓரத்துல, இந்த வரியத் தொடாதே, இதத் தாங்குற மாதிரி முன்னால ரெண்டு வரி எழுதிட்டு வா, அடுத்த வாரம் சேந்து பாப்போம்னு இருந்துச்சி. நான் பென்சில வச்சிட்டு அந்த வரியத் திரும்பத் திரும்ப வாசிச்சேன். யாரு பெத்த புள்ளையோ, எவ்வளவு பொறுமைன்னு நெனச்சேன். பதினோரு வருஷம் டீச்சர் வேலை பாத்தவ நான், ஒரு புள்ளையோட நோட்டையும் இப்படி வாசிச்சதில்ல, சிவப்பு மையில அடிச்சிட்டு மேல நான் எழுதிருவேன். உனக்கே எட்டாங்கிளாஸ்ல கட்டுரைப் போட்டிக்கு அப்படித்தான் எழுதிக் குடுத்தேன், நீ பரிச வாங்கிட்டு வந்து மூலையில போட்டுட்டு ரெண்டு நாள் என்கிட்ட பேசல. அந்த ஆலோசகருக்காக அன்னைக்கு அசர் தொழுகையில தனியா துஆக் கேட்டேன் மவளே. யா அல்லாஹ், இந்தப் புள்ளையப் பெத்தவ வயிறு குளுரட்டும்னு கேட்டேன்.

கேட்டுட்டு எந்திரிச்சி வந்து, குறிப்பு எல்லாத்தையும் ஒரே தட்டுல அழிச்சேன். முஹ்சின் அப்படித்தான் சொல்லிருந்தான், கமெண்ட எல்லாம் எடுத்துட்டு சுத்தமா மாத்தி எழுதுங்க, சூப்பர்வைசர் மொழி சரியில்லன்னு போட்டுட்டாராம், அந்தப் பொண்ணு அழுவுதுன்னு. ஆறு நாள்ல எழுதி முடிச்சேன். அந்தம்மா கை வாடையத் தூக்கிட்டு, இறால் பண்ணைத் தொழிலில் ஈடுபடும் பெண்களின் தோல்சார் பாதிப்புகளும் சமூக விலக்கமும்னு எழுதினேன். அப்ப அது எனக்கு ரொம்ப ஒசத்தியாப் பட்டுச்சி. எந்தப் பைலத் தொறந்தாலும் முதல் வரியில 786 அடிச்சிட்டுத்தான் பிஸ்மி சொல்லி ஆரம்பிப்பேன், அனுப்பும்போது அழிச்சிருவேன். முஹ்சினுக்கு அது தெரியும், மாமி, நம்பர் எழுதுறது மார்க்கத்துல இல்லாத வேலைன்னு எனக்கு எத்தனையோ தடவ பாடம் நடத்திருக்கான். மத்தவன் படிப்ப நம்ம எழுதுறது மட்டும் மார்க்கத்துல இருக்கு போல. அனுப்ப வேண்டிய அன்னைக்குப் பாத்து ஷரீபா பாத்ரூம்ல மயங்கி விழுந்துட்டா. ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுதோம், முஹ்சின் ஃபோன் மேல ஃபோன், மாமி கெடு முடியப் போவுது, இருக்குற மாதிரியே அனுப்பிருங்கன்னான், அவனுக்கு அப்ப இவ விழுந்தது தெரியாது. முதநாள் ராத்திரியே ஃபோனுக்கு ஏத்தி வச்சிருந்த பைல ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து அப்படியே அனுப்பிட்டேன். மேல இருந்தத அழிக்கல.

போன ஞாயித்துக்கிழமை நீ வீடியோவுல வந்து, உம்மா ஒரு தமாஷ் கேளுங்கன்னு ஆரம்பிச்சே. லின்னுன்னு ஒரு வியட்நாம் புள்ள மூணு மாசம் என்கிட்ட வந்து உக்காந்து எழுதினா, முழு ஆய்வையும் ஒப்படைக்கும்போது பாத்தா அவ எழுத்தே இல்ல, தலையில 786ன்னு போட்டிருக்கு, புத்தரக் கும்புடுற வீட்டுப் புள்ள 786 போட்டிருக்கா உம்மான்னு சிரிச்சே. ஷரீபா வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சா. வாப்பாவும் சிரிச்சாங்க. நான் தட்டுல பாக்கத் தேடுற மாதிரி குனிஞ்சிக்கிட்டேன். முஹ்சின் அன்னைக்கு இன்னும் வந்து சேரல, ஷரீபா மாத்திரை போட எந்திரிச்சிப் போன பிறகு நீ சிரிக்காம சொன்னதுதான் என் தலையில இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. அது என்ன எண்ணுன்னு டிபார்ட்மெண்டுல யாருக்கும் புரியல, உன்கூட வேலை பாக்குற ஒருத்தி இதே எண்ண முஃபீதா நோட்டுல தலையில பாத்திருக்கேனேன்னு சொல்லிட்டா, இப்ப அந்தப் புள்ளைக்கு நீதான் எழுதிக் குடுத்தியான்னு கேக்காங்க, பத்தொம்பதாந் தேதி விசாரணை, அது முடியுற வரைக்கும் எந்தப் புள்ளையையும் பாக்க வேண்டாம்னு உன்ன உக்கார வச்சிட்டாங்கன்னு சொன்னே. லின்னு வாயே திறக்க மாட்டேங்குறான்னே. அவ எப்படித் திறப்பா, திறந்தா அவளுக்கு ஊருக்குப் போற டிக்கட்டுதான். பாத்துக்கலாம் உம்மா, நான் தப்புப் பண்ணலல்லான்னு சொல்லிட்டு ஃபோன வச்சே. நீ தப்புப் பண்ணல. பண்ணினவ உனக்கு எதுத்தாப்புல வெத்தலைத் தட்ட வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். உனக்கு அந்த எண்ணப் போடக் கத்துக் குடுத்ததும் நான்தான்.

நல்லா யோசிச்சிப் பாரு முஃபீதா, நான் எங்க நிக்கேன்னு. பேசாம இருந்தா உன் வேலை போவும், விசா போவும், செய்யாத தப்புக்கு உன் பேரு கெட்டுப்போவும். நான்தான் எழுதினேன்னு சொன்னா, ஆலோசகர் சொல்லிக் குடுத்த புள்ளைக்கு ஆலோசகரோட உம்மாவே எழுதிக் குடுத்திருக்கா, ரெண்டு பேரும் சேந்துதான் கடை நடத்துறாங்கன்னு சொல்லுவாங்க, எனக்கே அப்படித்தான் தோணும். வேற யாரோ எழுதினாங்கன்னு சொன்னா, அந்த எண்ணு எங்க இருந்து வந்துச்சின்னு கேப்பாங்க. கம்பெனிப் பேரச் சொன்னா முஹ்சின் கையில விலங்கு, எட்டு மாசக்காரி இங்கன கட்டில்ல படுத்திருக்கா. அந்த லின்னும் ஒருத்தி வயித்துல பொறந்தவதானே, அவளத் தூக்கிக் குடுத்துட்டு நம்ம தப்பிக்கதுன்னாலும் மனசு ஒப்பல. எந்தப் பக்கம் திரும்புனாலும் ஒரு புள்ள மேல மிதிக்கணும். நாலு நாளா நான் சோறு திங்கல, நோம்பு வச்சிருக்கேன்னு வீட்டுல சொல்லிட்டேன், அதுவும் பொய்.

உங்க யுனிவர்சிட்டி மேலயும் எனக்குக் கோவம் இருக்கு, அதையும் எழுதிருதேன். வாரத்துக்கு முக்கால் மணி நேரம் உன்கூட உக்கார விட்டா ஒருத்திக்கு எழுத வந்துருமா? தன் பாஷையில நெனச்சி, எங்கயோ இருக்குற இங்கிலீஷ்ல எழுதி, அதுலயும் சொந்தமா யோசின்னு சொல்லி, ஒரே வருஷத்துல முடின்னு சொன்னா? அந்த சூப்பர்வைசர் மொழி சரியில்லன்னு ஒத்த வரியில எழுதிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. எது சரியில்லன்னு சொல்ல அவருக்கு நேரம் இல்ல. நேரம் இருந்தவ நீ ஒருத்திதான், இப்ப உன்னத்தான் கூண்டுல ஏத்தியிருக்காங்க. அந்த ஒத்த வரியாலதான் முஹ்சின் மாதிரி ஆளுங்க கார் வாங்குதாங்க, அந்தக் காசுல நானும் பங்கு வாங்கினவதான்.

திங்கக்கிழமை வாப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கடை அடைச்சிட்டு வந்து சட்டையக் கழட்டிக்கிட்டிருந்தாங்க, பாதியிலயே நின்னுட்டாங்க. கத்துவாங்கன்னு பாத்தேன், கத்தல. சட்டையத் திரும்பப் போட்டுக்கிட்டு, நீ வாயத் திறக்காதே, பெரியவ படிச்சவ, எப்படியாவது பொழச்சிக்கிடுவா, சின்னவளுக்கு வேற போக்கிடம் இல்லன்னு சொன்னாங்க. சொல்லிட்டு என் மூஞ்சியப் பாக்கல. வாப்பா மேல கோவப்படாதே. அவங்க உன்ன விட்டுக் குடுத்தாங்கன்னு நெனைக்காதே, அன்னையில இருந்து அவங்களும் கடையில இருந்து சீக்கிரம் வந்துருதாங்க, வந்து நீ பட்டம் வாங்கின போட்டோவத் துடைச்சி துடைச்சி மாட்டுதாங்க. ஆனா படிச்சவ பொழச்சிக்கிடுவான்னு அவங்க சொன்னதுதான் என்னால தாங்க முடியல. எனக்கும் சின்ன வயசுல இருந்து அதத்தான் சொன்னாங்க, நீ கெட்டிக்காரி, பொறுத்துக்கிடுவேன்னு. பொறுத்துப் பொறுத்துத்தான் இந்த லேப்டாப்பு முன்னால வந்து உக்காந்தேன்.

செவ்வாய்க்கிழமை அரிசி டிரம்மு வைக்கிற பலகையத் துடைக்கும்போது கீழ விரிச்சிருந்த தாளப் பாத்தேன். ஒரு பக்கம் அச்சு, ஒரு பக்கம் வெள்ளை. லின் எழுதினது. வாசிச்சி முடிச்ச தாள எல்லாம் நான் அடுப்படியில விரிக்கப் போட்டிருவேன்லா. பலகையில பத்து, மசால் டப்பாவுக்கு அடியில எட்டு, வத்தல் காயப் போட்டதுல கொஞ்சம், மீதி பரணையில கட்டாக் கிடந்துச்சி. ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கி அடுக்கினேன், அறுபத்திரண்டும் இருக்கு மவளே. நாப்பத்தொண்ணாம் பக்கத்துல எண்ணெ பட்டிருக்கு, நாலு பக்கத்துல மல்லித்தூள் வாடை போவாது. ஓரத்துல உன் குறிப்பு அத்தனையும் இருக்கு, நீ எந்தத் தேதியில போட்டேன்னு எல்லாத்துலயும் இருக்கு. இந்தத் தடவ அது யாருன்னு தெரிஞ்சி வாசிச்சேன். மேடையில சாஞ்சி நின்னு அழுதுட்டேன். ஷரீபா என்ன உம்மான்னு கேட்டா, வெங்காயம்னு சொன்னேன், அன்னைக்கு வீட்டுல வெங்காயமே இல்ல.

நேத்து இங்கிலீஷ்ல ஒரு கடிதம் எழுதினேன். கையாலதான், மூணு பக்கம். நான் இன்னாரு, முஃபீதாவோட தாயார், இந்த ஆய்வ மாத்தி எழுதினது நான், என் மகளுக்குத் தெரியாது, அவ பேரே இல்லாமத்தான் இந்தத் தாளு என்கிட்ட வந்துச்சி, அவ அந்தப் பொண்ணுக்கு ஒரு வரி கூட எழுதிக் குடுக்கலங்கிறத இந்தத் தாளுகளே சொல்லும்னு எழுதினேன். பயந்து போன ஒரு பொண்ணு செஞ்சத நான் சரின்னு சொல்லல, ஆனா அவ சொந்தமா எழுதின அறுபத்திரண்டு பக்கம் இருக்கு, நான் எழுதினத விட அது நல்லா இருக்கு, நீங்க மார்க்கு போடணும்னா இதுக்குப் போடுங்கன்னு எழுதினேன். கம்பெனிப் பேர விட்டுரலாம்னு ரெண்டு தடவ கிழிச்சிக் கிழிச்சி எழுதினேன். விட்டா அவங்க யார்கிட்டப் போயி விசாரிப்பாங்க? உன்னக் காப்பாத்த உங்க உம்மா கதை கட்டுறாங்கன்னுதான் சொல்லுவாங்க. பேரப் போட்டேன். ஆர்டர் நம்பரப் போட்டேன். என் மாப்பிள்ளைன்னும் போட்டேன். போடும்போது அடுத்த ரூம்புல அவன் ஷரீபாவுக்கு மாதுளம்பழம் உரிச்சிக்கிட்டிருந்தான்.

உன்கிட்ட அனுப்பி, நீயே பாத்து வேணும்னா குடு, வேண்டாம்னா கிழிச்சிருன்னு சொல்லலாம்னுதான் முதல்ல நெனச்சேன். பிறகு யோசிச்சேன், நீ தங்கச்சிய நெனச்சிக் கிழிச்சிருவே. எனக்குத் தெரியும் உன்ன. கிழிச்சிட்டு ஞாயித்துக்கிழமை சிரிச்சிக்கிட்டே ஃபோன்ல வருவே. அதனால உன்கிட்டக் கேக்கல. லின் தாளோட முதல் பக்கத்துல டிபார்ட்மெண்ட் விலாசம் இருந்துச்சி. ஷரீபாவுக்கு மாத்திரை வாங்கப் போறேன்னு சொல்லிட்டு இன்னைக்குக் காலையில பாளையங்கோட்டை தபால் ஆபீசுக்குப் போயி, அறுபத்திரண்டு பக்கத்தையும் மூணு பக்கத்தையும் ஒண்ணா வச்சி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டேன். கவுண்டர்ல இருந்த புள்ள பத்தொம்பதுக்குள்ள சேந்துரும்னு சொல்லிட்டு, உள்ள என்ன இருக்குன்னு கேட்டுச்சி, பரீட்சைத் தாளுன்னு சொன்னேன். மழை விட்டு வெறிச்சிருந்துச்சி. திரும்பி வரும்போது பஸ்ஸுல உக்காந்து, சின்னவ கழுத்துல நானே கைய வச்சிட்டேன்னு நெனச்சேன், எறங்க வேண்டிய இடத்துல எறங்காம ஜங்ஷன் வரைக்கும் போயிட்டேன். மாத்திரை வாங்க மறந்து, திரும்ப நடந்தேன். இத உனக்கு எழுதும்போது கூட அது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. நீ எனக்குச் சரின்னு சொல்லவும் வேண்டாம்.

இனி நடக்கப் போறதக் கேட்டுக்கோ. அவங்க உன்னக் கூப்பிட்டுக் கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லு, எனக்காகப் பூசி மொழுகாதே, எனக்காக மன்னிப்பும் கேக்காதே. லின்னப் பாக்க விட்டாங்கன்னா, அவ அம்மா கையப் பத்தி எழுதின வரிய ஒருத்தி சமையக்கட்டுல நின்னு மூணு தடவ வாசிச்சான்னு மட்டும் சொல்லு. ஷரீபா பெத்துப் பிழைக்கிற வரைக்கும் ஃபோன்ல இதப் பத்தி ஒரு சொல்லும் பேசாதே, முஹ்சினுக்கு அங்க இருந்து கேள்வி வந்து அவன் என் முன்னால வந்து நிக்கும்போது நான் பேசிக்கிடுதேன். அவன் என்ன சொன்னாலும் ஷரீபா காதுல விழாம வாசல்ல வச்சிப் பேசணும்னு வாப்பாகிட்டச் சொல்லி வைக்கணும், அதுக்கு முதல்ல வாப்பாகிட்ட நான் அனுப்பிட்டேன்னு சொல்லணும், அந்தத் தைரியம் இன்னும் வரல. குளிருல காதக் கட்டிக்கோ. பட்டினியாக் கிடக்காதே, அரிசி பருப்பு தீந்தா உடனே வாங்கிப் போடு, வேலைய விட்டு உக்கார வச்சிட்டாங்கன்னு படுக்கையிலயே கிடக்காதே, தலைமுடியப் பின்னிக்கோ. அல்லாஹ் உன் நாவுக்கும் உன் பேனாவுக்கும் காவலா இருக்கட்டும், நீ ஏறப் போற சபையில உன் தல குனியாம வைக்கட்டும், நான் சேத்த பாவத்துல ஒரு துளியும் உன் மேல தெறிக்காம இருக்கட்டும். ஆமீன்.

இம்புட்டுதான் எழுதினேன், ஷரீபா சுவரப் புடிச்சிக்கிட்டு பைய நடந்து அடுப்படிக்கு வந்துட்டா. யாருக்கு எழுதுதீங்கன்னு கேக்கா. தாளக் கையால மறைச்சிக்கிட்டு உன் ராத்தா முஃபீதாவுக்குன்னு சொன்னேன். அவ சலாத்தையும் சேத்து எழுதச் சொல்லுதா. பொட்டப்புள்ள பொறந்தா உன் பேரத்தான் வைக்கப் போறாளாம், முஹ்சினும் சரின்னுட்டானாம். எழுதிட்டேன்.

வஸ்ஸலாம்,
உன் உம்மா
மஹ்மூதா பீவி